கொள்ளியை நிறுத்திய கை

லான்வெனெக்,
12 அக்டோபர் 1890

சேசு மரி சூசை துணை

அன்புள்ள பார்பா அக்காவுக்குத் தங்கை தினா எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே அப்பா, அம்மா, நான், இரண்டு பசுக்கள் எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சமையல்காரிக்கே வைத்தியம் பார்க்காத டாக்டர் பாரிஸில் வேறு யாருக்குத்தான் பார்க்கிறார்?

வியாழக்கிழமை நம் வீட்டில் நடந்ததை நீ ஊரார் வாயால் கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன். மாவு ஆலைக்காரர் எர்வேக்கு என்னைப் பெண் கேட்டு, தையல்காரர் யான் தரகராக வந்தார். ஒரு காலில் சிவப்பு உறை, ஒரு காலில் வெள்ளை உறை, கையில் தரகர் கோல், எல்லாம் முறைப்படி. ஒரு காலை உள்ளே வைத்தவர் அடுப்பைப் பார்த்தார். கொள்ளிக்கட்டைகள் நெட்டுக்குத்தலாக நின்றன. படுத்துக் கிடக்கவேண்டிய கொள்ளி நின்றால் "பெண் இல்லை, போய் வா" என்று அர்த்தம். அதை வாய்விட்டு வேறு கேட்பாரா? உட்காரவில்லை, ஒரு மிடறு ஆப்பிள் கள் குடிக்கவில்லை. வந்த வழியே போய்விட்டார்.

வயலிலிருந்து வந்த அப்பா குதித்த குதியைச் சொல்லி முடியாது. "எவன்டா என் அடுப்புல கைய வச்சது?" என்று கத்தினார். பரணில் வாடகைக்கு இருக்கும் ஓவியர் தர்வில் அப்போது அடுப்படியில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். பக்கத்து ஊர் பொந்தாவெனில் கோகான் என்கிற ஓவியரைச் சுற்றித் திரிகிற கூட்டத்தில் இவரும் ஒருவர் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். வந்த நாளிலிருந்து நாற்காலியை நகர்த்துவதும், அம்மாவின் செம்புப் பானையை வேறு ஆணியில் மாட்டுவதும், நம் செவலைப் பசுவுக்குப் படத்தில் நீலம் பூசுவதுமாக இருக்கிற மனிதர். அவர் எழுந்து, "நான்தாங்க நிறுத்தினேன். அந்த மூலைல நேரா ஏதாவது நின்னா படத்துக்கு நல்லா இருக்கும்னு தோணுச்சு" என்றார்.

அப்பா அவருடைய வர்ணப் பெட்டியைச் சாணக்குழியில் எறிந்துவிட்டார். மற்றவர்கள் நாங்கள் அப்போது எங்கே இருந்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

உன் பதிலை வழக்கம்போல நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டவேண்டும். பார்த்து எழுது.

உன் அன்புத் தங்கை
தினா

பாரிஸ்,
22 அக்டோபர் 1890

அன்பான அப்பா அம்மாவுக்குத் தோத்திரம். தங்கைக்கு முத்தம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் சத்தம் போடுகிறது. நீங்கள் எல்லோரும் சுகமாய் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

தினா, எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பார்கள். நம் வீட்டில் எல்லாமே சேர்ந்து எழுந்து நின்றுவிட்டனவே! சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. இங்கே போன வாரம் டாக்டரம்மா வைத்த விருந்தில் இந்தக் கோகான் கூட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. "செவப்பு வயலாம், நீல மரமாம். கண்ணுக்கு மருந்து எழுதிக் குடுங்க டாக்டர்" என்று ஒரு கிழவர் சொல்ல, மேசையே குலுங்கியது. அப்படிப்பட்டவருக்கு நம் அடுப்பை விட்டால் வேறு அடுப்பா கிடைக்கவில்லை?

அப்பா, எனக்கு ஒன்று தோன்றுகிறது. கொள்ளியை நிறுத்துவது வீட்டாரின் வார்த்தை. வீட்டார் யாரும் நிறுத்தவில்லையே! ஊர் முறை தெரியாத வெளியாள் கை வைத்தது எப்படி மறுப்பாகும்? யானிடம் ஆள் அனுப்பி இதைச் சொல்லுங்கள். அவர் மறுபடி வந்தால் முதல் தடவை வராத மாதிரிதான். எர்வே நல்ல இடம். முதல் மனைவி படியில் விழுந்து போனதற்கு அவர் என்ன செய்வார், பாவம். லூயிசா எங்கள் இருவருக்கும் தோழிதான். அவள் இருந்த வீட்டில் தினா விளக்கேற்றினால் அவள் ஆத்துமாவும் சந்தோஷப்படும்.

என்றும் உங்கள் மகள்
பார்பா

லான்வெனெக்,
5 நவம்பர் 1890

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நலமறிய ஆவல். சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கல்லறைக்குப் போய் வந்தோம். லூயிசாவின் சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் நிமிர்த்தினேன்.

உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். வாய் வாசித்த பிறகுதான் மனதுக்கு எட்டியது. "பார்பாவுக்கு என் மூளைடீ!" என்று அப்பா தொடையைத் தட்டினார். அன்று மாலையே யான் வீட்டுக்கு ஆள் போயிற்று. யானும் தாடையைச் சொறிந்து யோசித்துவிட்டு, "சரிதான், வெளியாள் தப்பு முறைல சேராது" என்று சொல்லிவிட்டார். புது வருடத்தில் மறுபடி வருகிறாராம். உனக்கு எல்லோரும் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

எர்வேயின் ஆட்களுக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. தரகரைத் திருப்பி அனுப்பினது அவர்களுக்கு ஊர் சிரித்த அவமானம். யாராவது ஒருவர் அதற்கு அடிபட்டாக வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வருகையில் பாலத்தடியில் ஓவியரைப் பிடித்தார்கள். மரச்செருப்புக் காலால் வலது கையை மிதித்தார்கள். நானும் அம்மாவும் இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். "சொல்லுடா, ஏன்டா நிறுத்துன?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தார்கள். அவர் தலையை நிமிர்த்திக் கூட்டத்தில் ஒருமுறை தேடினார். பிறகு, "படத்துக்கு வேணும்னுதான்" என்றார்.

ரொட்டிக்காரரின் வண்டியில் ஏற்றி ரயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பங்குச் சாமியார்கூடச் சொல்லவில்லை.

அக்கா, லூயிசா உனக்குக் கடைசி வருடத்தில் ஏதாவது எழுதினாளா?

தினா

பாரிஸ்,
16 நவம்பர் 1890

அன்புள்ள தங்கைக்கு, அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். இங்கே நலம்.

அந்த ஓவியருக்கு நடந்ததைப் படித்து மனது கஷ்டப்பட்டது. முட்டாள்தனத்துக்கு இவ்வளவு பெரிய அடியா? ஆனாலும் போனது போகட்டும். நீ உன் வேலையைப் பார். கல்யாணத்துக்குத் தலைச்சீலை நான் இங்கிருந்து அனுப்புகிறேன், பாரிஸ் சரிகை, உன்னைப் பார்த்துப் பொந்தாவென்காரிகள் பொருமவேண்டும்.

லூயிசா எனக்கு எழுதவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாதே, உனக்குத் தெரியாதா? ஏன் கேட்டாய்? உடனே எழுது.

பார்பா

லான்வெனெக்,
14 டிசம்பர் 1890

அக்கா,

ஒரு மாதமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. சுகமா என்று கேட்காமலே தொடங்குகிறேன், மன்னித்துக்கொள். இதை அம்மா தன் பாவாடைக்குள் வைத்துத் தபாலில் சேர்க்கப் போகிறாள். என்ன எழுதினேன் என்று அவள் கேட்கவில்லை.

லூயிசாவைப் பற்றிக் கேட்டாயே. அவள் சாவதற்கு முந்தின திருவிழாவில் அவளுடைய அகலக் கழுத்துப்பட்டி கோணிக்கொண்டிருந்தது. சரிசெய்யப் போனேன். "தொடாதடி!" என்று கையைத் தட்டிவிட்டாள். அதற்குள் பட்டி விலகிவிட்டது. கழுத்தைச் சுற்றி விரல்கள் பதிந்து கன்றியிருந்தன. "படில விழுந்துட்டேன்" என்றாள். படிக்கு விரல் உண்டா அக்கா? அந்த மாதமே அவள் நிஜமாகவே படியில் விழுந்து செத்தாள் என்று எர்வே சொன்னார். ஊர் தலையை ஆட்டியது.

உன் நவம்பர் கடிதத்தை வாசிக்கையில் லூயிசா பற்றிய வரிகளை நான் விழுங்கினேன். அப்பா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு ஓடுது, வாய் ஓடலையே" என்றார். காகிதத்தைப் பிடுங்கி, கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் கொண்டுபோய் முழுதும் வாசிக்க வைத்தார். திரும்பி வந்து கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். "செத்தவளச் சாக்கா வச்சு நல்ல இடத்தக் கெடுக்கப் பாக்குறியா?" என்றார். இனி உன் கடிதங்களை வாசிப்பது கோயில்பிள்ளைதான். என் மரச்செருப்பை அப்பா பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். பனியில் வெறுங்காலோடு ஆலைப் பாதையைக்கூடத் தாண்ட முடியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அந்த வீட்டுக்குப் போனால் பிழைக்கமாட்டேன். இதற்கு நீ பதில் எழுத முடியாது. ஆனால் யாருக்காவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

தினா

பாரிஸ்,
22 டிசம்பர் 1890

பாசமுள்ள அப்பா, அம்மா, தங்கை, இதை வாசிக்கும் கோயில்பிள்ளை ஐயா எல்லோருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். இங்கே அடிக்கிற குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. உங்கள் உடம்பையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை நெஞ்சுச் சளிக்காரி. அவளை வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். கல்யாணப் பெண் இருமிக்கொண்டு நின்றால் ஊர் என்ன சொல்லும்? அம்மா, நீ கவனித்துக்கொள். அம்மா, உன்னைத்தான் சொல்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

பார்பா

லான்வெனெக்,
4 ஜனவரி 1891

அன்புள்ள அக்காவுக்கு, புது வருட வாழ்த்து. கல்யாணப் பெண் இருமக் கூடாது என்ற வரியை அப்பா கோயில்பிள்ளையிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். மரச்செருப்பு திரும்பக் கிடைத்தது. ஆனால் நான் வாசலுக்குப் போனால் அப்பாவும் வாசலுக்கு வருகிறார்.

யான் வருவது 26, திங்கட்கிழமை. எர்வேயும் அவருடைய பெரியப்பாவும் கூடவே வருகிறார்கள். ஒரே மூச்சில் பேசி முடித்து, தவக்காலத்துக்கு முன்பு கல்யாணம். அடுப்பை அன்று அப்பாவே பார்த்துக்கொள்வாராம். வேறு யாரும் கிட்டே வரக்கூடாதாம்.

பாரிஸ் பெரிய ஊர்தான். ஆனாலும் தர்வில் அவர்களை எங்கேயாவது பார்க்க நேர்ந்தால், என் பெயரைச் சொல்லாதே. அவர் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுது. காரணம் கேட்காதே.

அம்மா தலைவலி என்று படுத்திருக்கிறாள். மற்றபடி சுகம்.

தினா

பாரிஸ்,
22 ஜனவரி 1891

மரியாதைக்குரிய அப்பாவுக்கு மகள் பார்பா தாழ்மையாய் எழுதிக்கொண்டது. அனைவரும் நலமென்று நம்புகிறேன். கோயில்பிள்ளை ஐயா, இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து தரகரும் மாப்பிள்ளை வீட்டாரும் இருக்கும்போது வாசியுங்கள். இதில் நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன், என் கருத்து ஒன்றும் இல்லை.

செவ்வாயன்று மீன் வாங்கப் போகிற வழியில், வர்ணம் விற்கிற கடையின் ஜன்னலில் ஒரு படம் வைத்திருந்தார்கள். என் கூடை கையிலிருந்து நழுவிவிட்டது. நம் வீட்டு அடுப்பு, அப்பா! நம் பெட்டிக் கட்டில், அம்மாவின் செம்புப் பானை, எல்லாம் இருந்தன. தரை மட்டும் ரத்தச் சிவப்பு. சுற்றிலும் கோயில் கண்ணாடி ஜன்னலில் ஈயம் ஓடுகிற மாதிரி கனமான கறுப்புக் கோடுகள். அடுப்பில் இரண்டு கொள்ளிகள் நிற்கின்றன. மூன்றாவதை ஒரு பெண் குனிந்து நிறுத்திக்கொண்டிருக்கிறாள். கண் வாசலைப் பார்க்கிறது. யாரோ வந்துவிடுவார்களே என்கிற முகம். அந்த முகத்துக்கு அவர் பச்சை பூசியிருக்கிறார். ஆனாலும் அது யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

கடைக்காரரிடம் விலாசம் வாங்கிப் போய்ப் பார்த்தேன். மாடியறையில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. படத்தை இடது கையால் வரைந்திருக்கிறார். லான்வெனெக்கிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "அந்தப் படத்துல இருக்கிறது நெசமா, பொய்யா?" என்று கேட்டேன். "நான் கண்ணால பாக்குறத வரையறவன் இல்லம்மா. கண்ண மூடின பிறகு என்ன மிச்சம் நிக்குதோ அத வரைவேன்" என்றார்.

ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் பசுவுக்கு நீலம் பூசுகிறவர், இதுவும் அப்படி ஒரு பொய்யாக இருக்கலாம். கொள்ளியை நிறுத்தியது வெளியாளா, வீட்டுப் பெண்ணா என்று என் தங்கையிடம் எல்லோர் முன்னாலும் ஒரு தரம் கேளுங்கள். அவள் என்ன சொன்னாலும் நான் நம்புவேன்.

வெளியாள் கை செல்லாது என்று முதலில் சொன்னவள் நான். எனக்கு யாரும் நன்றி சொல்லவேண்டாம்.

பார்பா

லான்வெனெக்,
28 ஜனவரி 1891

என் அக்கா,

உயிரோடு இருக்கிறேன். உதடு வீங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

திங்களன்று காலையிலேயே அப்பா கொள்ளிகளைப் படுக்க வைத்துக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். யான், எர்வே, பெரியப்பா மூவரும் வந்தார்கள். யான் அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கள் ஊற்றினார்கள். அம்மா தட்டுக்கல்லில் மெல்லிய கிரேப் அடை வார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கோயில்பிள்ளை உன் கடிதத்தோடு வந்தார். கல்யாண வாழ்த்து என்று நினைத்து அப்பாவே, "சத்தமா வாசிங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

கோயில்பிள்ளைக்குப் பாதியில் குரல் இறங்கிவிட்டது. பெரியப்பாக்காரர்தான், "நிறுத்தாதய்யா, வாசி" என்று விரட்டினார். முடிந்ததும் யாரும் குவளையைத் தொடவில்லை. அக்கா, உன்மேல் எவ்வளவு கோபம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கத்தியைக் கையில் கொடுத்துவிட்டுத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்தேன்.

அப்பா கேட்டார். "நீயா நிறுத்துன?"

பாலத்தடியில் மிதிபட்டபோது தர்வில் கூட்டத்தில் தேடினது என்னைத்தான். அன்று நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். இந்தத் தடவை ஒளிய இடமும் இல்லை, மனமும் இல்லை.

"நான்தான் நிறுத்தினேன். அவர் பாத்துக்கிட்டு இருந்தார். அவர் அந்தக் கட்டையத் தொடவேயில்ல. எனக்கு எர்வே வேண்டாம்."

அப்பா அறைந்தது அப்போதுதான். எர்வே அசையாமல் கள்ளைக் குடித்தார். யான் எழுந்து நடுவில் வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "விடு பெர், விடு. சின்னப் பொண்ணு வெளாட்டு. பொண்ணு நிறுத்தினா அது வீட்டு வார்த்தையா? வீட்டுக்காரனும் வீட்டுக்காரியும் இங்க இருக்கீங்க. அடுப்புல கொள்ளி படுத்துத்தான் கெடக்கு. பேச்ச முடிப்போம்" என்றார். அப்பாவும், "ஆமா, முடிப்போம்" என்றார். நான் சொன்னது அவ்வளவுதான் அக்கா, தண்ணீரில் எழுதின மாதிரி. எர்வே என்னைப் பார்த்துச் சிரித்தார். குவளையைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தேன்.

அப்போது அம்மா தட்டுக்கல்லிலிருந்து கிரேப்பை விரல் நுனியில் எடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுக்கப் போகிறாள் என்று யான் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. கிரேப்பை அப்படியே பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டாள். வீட்டுக்காரி முதுகு காட்டிவிட்டால் அதற்குமேல் எந்தத் தரகருக்கும் வாய் இல்லை. கொள்ளிக்காவது சமாதானம் சொல்லலாம், இதற்குச் சொல்ல முடியாது. நீட்டின கை நீட்டினபடி நின்றது.

"ஏய், திரும்புடீ!" என்று அப்பா கத்தினார்.

அம்மா திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்தே பேசினாள். "லூயிசாவக் கடைசியாக் குளிப்பாட்டுனது நானு. கழுத்துப்பட்டிய ஏத்திக் கட்டி மறைச்சதும் நானு. இன்னொரு தரம் என்னால கட்ட முடியாது."

எர்வேயின் பெரியப்பா எர்வேயைப் பார்த்தார். எர்வே தரையைப் பார்த்தார். யான் கோலை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் போகிறவரை அம்மா திரும்பவே இல்லை. கிரேப் விரலைச் சுட்டுக் கொப்புளமாகியிருக்கிறது. வெண்ணெய் தடவிவிட்டேன்.

பிறகு அவளே சொன்னாள். தரகர் வந்த அன்றே என் ஏப்ரனில் கரியைப் பார்த்தாளாம். பாலத்தடியில் அந்த மனிதரை மிதிக்கும்போதும் அவளுக்குத் தெரியுமாம். "நீ சொல்லல, நானும் சொல்லல" என்று சொல்லி, அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

அப்பா எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. கோயில்பிள்ளை மூலமாக ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஆலைக்கு மாவரைக்கப் போகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். சிலர் எங்களையும் பார்த்து முகத்தைத் திருப்புகிறார்கள். வயிறெரிந்து திட்டுகிறவர்களும் உண்டு.

தர்வில் அவர்களிடம் நீயே போய்ச் சொல். எல்லோர் முன்னாலும் நான் சொல்லிவிட்டேன் என்று சொல். மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்.

அம்மா முதல் முறையாக உனக்கு ஒரு வரி எழுதச் சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "பார்பா, அந்த ஆளுக்கு ஒத்தக் கையால என்ன சமைக்க முடியும்? டாக்டர் வீட்டுல மிஞ்சுறது வேண்டாம், புதுசா வச்சுக் கொண்டுபோயிக் குடு."

உன் தங்கை
தினா